ஹன்னிபால் யானைங்க கல்லட்டி இறங்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மசினகுடியில ஜீப் ஓட்டுறேன் சார், சவாரி இல்லாத நேரத்துல போர் வரலாறு புக்குதான் பொழுதுபோக்கு. ஹன்னிபால் யானைங்களோட ஆல்ப்ஸ் மலைய தாண்டினான்னு எல்லாத்துலயும் போட்டிருக்கு. பனிமலையில யானையா? அளந்து விடுறாங்களா?
– வாசகர், மசினகுடி

பதில்: அளந்து விடல தம்பி, நிஜமாவே தாண்டியிருக்கு, கி.மு. 218-ல, வட ஆப்பிரிக்காவோட கார்த்தேஜ் நகரத்து தளபதி ஹன்னிபால் ரோம் மேல படையெடுத்துப் போனப்போ. ஆனா ஏறினத விட இறங்கினதுதான் பெரிய கதை, அத கல்லட்டியில வண்டி ஓட்டுற உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன, 36 கொண்டை ஊசி வளைவுல பிரேக் சூடாகி ஓரமா நிக்கிறதெல்லாம் இறங்குற வண்டிதானே.

பொலிபியஸ்னு ஒரு கிரேக்கர். போர் முடிஞ்சு ரெண்டு தலைமுறைக்குள்ள எழுதினவர், அதுவும் அந்த மலைப்பாதைய தானே போய் பார்த்து, விஷயம் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட விசாரிச்சு எழுதினேன்னு சொல்றார். அவர் கணக்குல பிரான்ஸ் பக்கம் ரோன் ஆத்த தாண்டும்போது 37 யானை, அப்புறம் மலைய தாண்ட 15 நாள். இறங்குற பக்கம் ஒரு இடத்துல பாதையே சரிஞ்சு போயிருக்கு, பழைய பனி மேல புதுப்பனி விழுந்து காலு நிக்கல. குதிரை போற அளவுக்கு வழி வெட்ட ஒரு நாள் போதுமா இருந்துச்சு, யானை போற அகலத்துக்கு மூணு நாள் ஆச்சு, அதுக்குள்ள யானைங்க பட்டினியில துவண்டு போச்சுன்னு எழுதுறார். ஏன்னா அந்த உயரத்துல புல்லே கிடையாது. நீங்க தெப்பக்காடு முகாம்ல ராகி களி உருட்டி ஊட்டுறத பார்த்திருப்பீங்க. பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 150 கிலோ தீவனம்னு வச்சா 37-க்கு அஞ்சரை டன், தினமும் ஒரு லாரி லோடு! அவனோடது பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவோட சின்ன சாதின்னு சொல்றாங்க, பாதின்னே வச்சுக்கோங்க, அதையும் மலை மேல யாரு கொண்டு வர்றது?

எந்த கணவாய் வழியா போனான்ங்கிறதுல இன்னும் அடிதடிதான். ஒரு கட்சி சொல்ற டிராவெர்செட் கணவாய் 2,900 மீட்டருக்கு மேல, நம்ம தொட்டபெட்டாவே 2,637 தான். ஆளுங்க கணக்கு இன்னும் மோசம். ரோன் தாண்டினப்போ 38,000 காலாள், 8,000-த்துக்கு மேல குதிரை, இத்தாலியில இறங்கினப்போ 20,000-மும் 6,000-மும்தான். இந்த ரெண்டாவது கணக்க ஹன்னிபாலே ஒரு வெண்கலப் பலகையில எழுதி வச்சிருந்தான், அத கண்ணால பார்த்தேன்னு பொலிபியஸ் சொல்றதால நான் நம்புறேன். முதல் குளிர்காலத்துலயே ஒண்ண தவிர மத்த யானையெல்லாம் செத்துப் போச்சுன்னு அவரே எழுதியிருக்கார், அதனால கி.மு. 216-ல ரோம் படைய நொறுக்கி அவன் பேர் வாங்கின கன்னே போர்ல யானையே கிடையாது. புக்கு அட்டையில மட்டும் யானை படம் போட்டுடுவாங்க!

கேள்வி: வெலிங்டன்ல இருக்கோம். பையன் ப்ளஸ் டூ, ஆர்மிதான்னு முடிவு பண்ணிட்டான், அலெக்ஸாண்டர், சீசர்னு புக்கா வாங்கி குவிக்கிறான். படிப்பு கெட்டுடுமோன்னு பயம், எத முதல்ல படிக்க சொல்லட்டும்?
– வாசகி, வெலிங்டன்

பதில்: கெடாது மேடம், பரீட்சை மாசம் மட்டும் புக்க எடுத்து பீரோவுல வச்சிடுங்க. தலைமைப் பண்பு பத்து பாடம்னு சீசர் படம் போட்டு விக்கிறத வாங்கித் தராதீங்க, சீசர் எழுதினதையே படிக்கட்டும். கால் (Gaul, இன்னைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் போர பத்தி தானே எழுதியிருக்கார், தன்னையே 'சீசர் வந்தார், சீசர் சொன்னார்'னு யாரோ மாதிரி. அதுல வீரத்த விட தானியம், மரம் வெட்டுறது, பள்ளம் தோண்டுறதுதான் ஜாஸ்தி. கி.மு. 55-ல ரைன் நதி மேல பத்தே நாள்ல பாலம் கட்டினது, கி.மு. 52-ல அலேசியாவுல கோட்டைய சுத்தி ஒரு வேலி, வெளிய இருந்து உதவிக்கு வர்றவன தடுக்க இன்னொரு வேலின்னு ரெண்டு வளையம் போட்டு நடுவுல தன் படைய வச்சது, இதெல்லாம் ஆர்மிக்கு போற பையன் படிக்க வேண்டிய சமாச்சாரம். ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, உதவிக்கு வந்த கால் நாட்டுப் படை ரெண்டரை லட்சம்னு எழுதினதும் சீசர்தான், தோத்துப்போன அந்த நாட்டுத் தலைவன் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் ஒரு வரி எழுதி வைக்கல. அப்புறம், மேப் இல்லாத போர் புக்குக்கு காச கொடுக்காதீங்க.

கேள்வி: பழைய தளபதிகள்ல யாரு நம்பர் ஒன்?
– வாசகர், குன்னூர்

பதில்: இத ஹன்னிபால்கிட்டயே, அவன தோக்கடிச்ச ரோம் தளபதி ஸிபியோ கேட்டாராம். அலெக்ஸாண்டர், அடுத்து பிர்ரஸ்ங்கிற கிரேக்க ராஜா, மூணாவது நான்னு சொன்னானாம். உன்ன நான் ஜெயிச்சேனே, நீ என்ன ஜெயிச்சிருந்தான்னு இவர் மடக்க, அப்போ அலெக்ஸாண்டருக்கும் மேலன்னு அவன் சொன்னதா ரோம் வரலாற்று ஆசிரியர் லிவி எழுதுறார், அதுவும் வேற ஒருத்தர் எழுதினத வச்சு. நடந்துச்சோ இல்லையோ, நல்லா இருக்கு. என் ஓட்டு ஸிபியோவுக்கு.

கேள்வி: போரஸ்தான் அலெக்ஸாண்டர ஜெயிச்சார், வெள்ளைக்காரன் மறைச்சுட்டான்னு வாட்ஸ்அப்ல வருது. நிஜமா அண்ணா?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: மறைக்க அவன்கிட்ட என்ன இருந்துச்சு தம்பி? கி.மு. 326-ல ஜீலம் ஆத்தங்கரையில நடந்த சண்டைய பத்தி நம்ம பக்கத்துல ஒரு கல்வெட்டு, ஒரு ஓலை கூட கிடைக்கல, போரஸ்ங்கிற பேரே கிரேக்க, ரோமானிய எழுத்துல இருந்து வந்ததுதான். அவங்க எல்லாரும் அலெக்ஸாண்டர்தான் ஜெயிச்சதா சொல்றாங்க. அதுக்காக அவங்க சொல்ற எல்லாத்தையும் முழுங்கவும் வேணாம். அர்ரியன்னு ஒரு கிரேக்கர், நானூறு வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதினவர், அவர் கணக்குல போரஸ்கிட்ட 200 யானை, இன்னொரு கிரேக்கர் டியோடோரஸ் கணக்குல 130. அலெக்ஸாண்டர் பாரசீகத்த ஜெயிச்ச காகமேலா போர்ல பாரசீக காலாள் மட்டும் பத்து லட்சம்னும் அர்ரியன் எழுதுறார், அவ்வளவு பேருக்கு சோறும் தண்ணியும் எங்க இருந்து வரும்னு யோசிச்சாலே போதும். போரஸ் பெருமைக்கு எந்த கொறையும் இல்ல, கடைசி வரைக்கும் யானை மேல நின்னு சண்டை போட்டார், அலெக்ஸாண்டர் அவர் நாட்ட திருப்பிக் கொடுத்து கூட கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தான். அடுத்த கொஞ்ச நாள்ல பியாஸ் ஆத்தங்கரையில இதுக்கு மேல நடக்க மாட்டோம்னு அவன் படையே உக்காந்துடுச்சு. அந்த மெசேஜ அனுப்பினவர்கிட்ட எந்த புக்கு, எத்தனாவது பக்கம்னு கேட்டுப் பாருங்க, பதில் வந்தா எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க.