பையன் திருடிட்டான், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் பயம் காட்டலாமா?

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் பையனுக்கு 12 வயசு. கூட படிக்கிற பையனோட இயர்பட்ஸ் காணாமப் போச்சுன்னு க்ளாஸ்ல பேச்சு. போன வாரம் அலமாரி ஒழிக்கும்போது அது இவனோட பழைய ஷூ பெட்டிக்குள்ள இருந்துச்சு, கேட்டா ஃப்ரெண்டு குடுத்தான்னு சாதிக்கிறான். இவங்க அப்பாவுக்கு தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார், ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒரு மணி நேரம் உக்கார வெச்சா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்கு வயித்தைக் கலக்குது. அதுக்காக சும்மா விட்டா நாளைக்கு பெரிய திருடனா வந்து நின்னா என்ன பண்றது? ஸ்கூல்ல சொல்லணுமா? என்ன தண்டனை குடுக்கறது?"

முதல்ல அவசரமானதுக்கு பதில் சொல்லிடறேன். ஸ்டேஷன் வேண்டாம். சும்மாவும் விட வேண்டாம். எடுத்த பொருளை எடுத்தவனே, யார் கிட்டேர்ந்து எடுத்தானோ அவன் கையில, நேர்ல கொண்டு போய் குடுக்கணும், நீங்க பக்கத்துல நிக்கணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

உங்க வீட்டுக்காரர் சொல்ற ஐடியாவை நான் கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா உலகம் பூரா கெட்டிக்காரங்க பல பேர் இதையே நம்பியிருக்காங்க. 1970கள்ல அமெரிக்காவுல, நியூஜெர்சியில ராவே சிறைன்னு ஒரு இடத்துல இதை ஒரு திட்டமாவே நடத்தினாங்க. சேட்டை பண்ற பசங்களை ஆயுள் கைதிங்க முன்னாடி உக்கார வெச்சு, அவங்க கத்தி மிரட்டி, உள்ள வந்தா உன் கதி இதுதான்டான்னு காட்டறது. 1978ல அதை டாக்குமெண்டரியா எடுத்து அது ஆஸ்கார் வேற வாங்கிடுச்சு, உடனே பல ஊர்ல இதே மாதிரி ஆரம்பிச்சுட்டாங்க. நிதானமா கணக்கு பாத்தது அப்புறம்தான். பசங்களை குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, பாதி பேரை சிறைக்கு கூட்டிட்டுப் போயி பாதி பேரை விட்டுட்டு, பின்னாடி யாரு எவ்வளவு தப்பு பண்றாங்கன்னு பாத்த 9 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2002ல ஒரு தொகுப்பு வந்துச்சு. போயிட்டு வந்த பசங்கதான் அதிகமா தப்பு பண்ணியிருந்தாங்க. ஒண்ணுமே செய்யாம விட்டிருந்தாக்கூட பரவாயில்லங்கற அளவுக்குத்தான் இருந்துச்சு நிலைமை.

ஏன் இப்படி ஆகுதுன்னு என்னைக் கேட்டா, நான் பாத்த வரைக்கும் ரெண்டு காரணம். ஒண்ணு, ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எதுவும் ஆகாம வெளிய வர்ற பையனுக்கு அன்னிக்கே தெரிஞ்சு போயிடும், அந்த இன்ஸ்பெக்டர் அப்பாவுக்கு ஃப்ரெண்டு, இது நாடகம்னு. உங்க கிட்ட கடைசியா இருந்த பெரிய பயத்தை ஒரு இயர்பட்ஸுக்காக செலவு பண்ணி தீத்துட்டீங்க. அடுத்த தடவை எதைக் காட்டுவீங்க? இன்னொண்ணு இதைவிட மோசம், அவன் அதை நாடகம்னு எடுத்துக்காம நிஜமாவே நம்பிட்டான்னா, நம்ம வீட்லயே என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பற ஆளா பாக்கறாங்க போலன்னு மனசுல பதிஞ்சுடும். 12 வயசுல நாம யாருன்னு முடிவு பண்ற வேலை அரைகுறையா நடந்துட்டு இருக்கும், அதுல இதை எழுதி வைக்கக் கூடாது.

தண்டனை பெருசா இருந்தா பயம் வரும், பயம் வந்தா தப்பு நிக்கும்னு நாம எல்லாரும் ஒரு கணக்கு வெச்சிருக்கோம். 1764லயே இத்தாலியில பெக்காரியான்னு ஒருத்தர், அப்போ அவருக்கு இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுதான் இருக்கும், இந்தக் கணக்கை உடைச்சு எழுதினார், தண்டனை எவ்வளவு கொடூரம்ங்கறது இல்ல, மாட்டுவோமா மாட்ட மாட்டோமாங்கறதுதான் ஆளை நிறுத்துதுன்னு. இன்னிக்கு குற்றவியல் படிக்கிறவங்க பெரும்பாலும் அங்கதான் வந்து நிக்கிறாங்க. வீட்டுக்கு இதை கொண்டு வந்தா அர்த்தம் இதுதான்: சின்னதா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும், தெரிஞ்ச உடனே, தவறாம கேக்கணும். நாலு தடவை கண்டுக்காம விட்டுட்டு அஞ்சாவது தடவை பெல்ட்டை உருவுறதுதான் இருக்கறதுலயே மோசமான முறை, ஆனா முக்காவாசி வீட்ல நடக்கறது அதுதான்.

அடிக்கலாமான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் யாராவது ஒருத்தர் "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு ஆரம்பிப்பாங்க, அதனால சொல்றேன். 2011ல வந்த ஒரு ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு பள்ளிக்கூடம், ஒண்ணுல தப்புக்கெல்லாம் குச்சி அடி கிள்ளு, இன்னொண்ணுல திட்டு, தனியா உக்கார வைக்கறது, அவ்வளவுதான். 3, 4 வயசுக் குழந்தைங்க கிட்ட பின்னாடி ஒரு பொம்மை இருக்கு திரும்பிப் பாக்காதேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க. குழந்தைங்கதானே, ரெண்டு ஸ்கூல்லயும் பெரும்பாலானவங்க திரும்பிப் பாத்துட்டாங்க. பாத்தியான்னு கேட்டப்போ அடிக்கிற ஸ்கூல்ல பாத்ததுங்க கிட்டத்தட்ட அத்தனையும் பொய் சொல்லுச்சு, அதுவும் அடுத்த கேள்வியில மாட்டிக்காம அழகா சமாளிச்சுச்சு. இன்னொரு ஸ்கூல்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பொய் சொல்லுச்சு. மூணு வயசுலயே! அடி திருட்டை நிறுத்துதோ இல்லியோ, மறைக்கறதுல நல்லா ட்ரெய்னிங் குடுத்துடும்.

இதுலேர்ந்து உங்க விஷயத்துக்கு நேரா ஒண்ணு எடுத்துக்கலாம். "எடுத்தியா?"ன்னு கேக்காதீங்க. ஷூ பெட்டிக்குள்ள பாத்துட்டீங்க, உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே கேக்கற கேள்வி பொய்க்கு குடுக்கற அழைப்பு, அவன் ஏற்கனவே ஒரு தடவை ஃப்ரெண்டு குடுத்தான்னு சொல்லிட்டான், இன்னொரு தடவை கேட்டா அதைக் காப்பாத்த இன்னும் ரெண்டு பொய் சேர்ப்பான், அப்புறம் பேச்சு திருட்டை விட்டுட்டு பொய்யைப் பத்தி போயிடும். வீட்ல வேற யாரும் இல்லாத நேரமா, கோவம் அடங்கினதுக்கு அப்புறம், பொருளை நடுவுல வெச்சுட்டு உக்காருங்க. "இது அவனோடதுன்னு எனக்குத் தெரியும். ஃப்ரெண்டு குடுத்தான்னு சொன்னதை நான் நம்பல. இப்போ அடிக்கவோ கத்தவோ போறதில்ல. எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு." இவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிட்டு இருங்க, இதுதான் கஷ்டமான பகுதி, அஞ்சு நிமிஷம் ஆனாலும் அவன் பேசட்டும். எல்லார் கிட்டயும் இருக்கு என் கிட்ட மட்டும் இல்லன்னு வரலாம், அவன் என்னை கிண்டல் பண்ணான் அதான் எடுத்தேன்னு வரலாம், யாரோ எடுடான்னு உசுப்பேத்தினாங்கன்னு வரலாம். மூணுக்கும் நீங்க பின்னாடி செய்ய வேண்டியது வேற வேற, அதனாலதான் கேக்க சொல்றேன், மன்னிக்கறதுக்காக இல்ல.

மிரட்டலே கூடாதான்னா, அளவு இருக்கு. 1965ல ஃப்ரீட்மேன்னு ஒரு உளவியலாளர் சின்னப் பசங்க முன்னாடி நாலஞ்சு பொம்மையோட ஒரு சூப்பரான ரோபோவை வெச்சு, அதை மட்டும் தொடாதேன்னார். பாதி பேர் கிட்ட தொட்டா நான் பயங்கர கோவப்படுவேன், என்ன பண்ணுவேன்னு தெரியாதுங்கற மாதிரி மிரட்டல், மீதி பேர் கிட்ட அது தப்புன்னு மட்டும். அன்னிக்கு அநேகமா ரெண்டு பக்கமும் தொடல. சில வாரம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து வேற ஏதோ டெஸ்ட்டுன்னு அதே ரூம்ல விட்டப்போ, கடுமையா மிரட்டப்பட்ட பசங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ரோபோவை எடுத்து ஆடினாங்க, லேசா சொல்லி விட்டவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. மிரட்டினவர் அங்க இல்ல, அதனால பயமும் இல்ல. மத்தவங்க ஏன் தொடலன்னா, நான்தான் வேண்டாம்னு விட்டேன்னு அவங்களாவே ஒரு காரணம் மனசுல வெச்சிருந்தாங்க. உங்க பையன் கிட்ட அந்தக் காரணம் உருவாகணும், அதுக்கு கொஞ்சம் இடம் விடணும்.

சரி, இப்போ திருப்பிக் குடுக்கறது. இதை வெறும் சம்பிரதாயமா செஞ்சா பிரயோஜனம் இல்ல. முதல்ல நீங்க அந்தப் பையனோட அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போன் பண்ணி விஷயத்தை சொல்லி, நேர்ல வரலாமான்னு கேளுங்க, அவங்க வேண்டாம்னா கட்டாயப்படுத்தாதீங்க, லெட்டரும் பொருளுமா அனுப்பலாம், ஏன்னா இதுல பாதிக்கப்பட்டது அவங்க, உங்க பையனோட பாடத்துக்கு அவங்களை கருவியா ஆக்கக் கூடாது. போனா உங்க பையன்தான் பேசணும், முன்னாடியே ரெண்டு வரி ரெடி பண்ணிக்கட்டும்: நான் உன் பேக்லேர்ந்து எடுத்தேன், கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன், ரெண்டுமே தப்பு. "தெரியாம நடந்துடுச்சு", "மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி", இந்த மாதிரி வழுக்கல் எதுவும் கூடாது. அப்புறம் அந்தப் பையன் சொல்றதை கேட்டுக்கணும். அது காணாமப் போனதுக்கு அவன் வீட்ல அடி வாங்கியிருக்கலாம், க்ளாஸ்ல வேற எவன் மேலயோ சந்தேகம் விழுந்திருக்கலாம். இதைக் கேக்கும்போது உங்க பையன் முகம் மாறும் பாருங்க, எந்த இன்ஸ்பெக்டராலயும் அதை வரவழைக்க முடியாது.

இது நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. 1974ல கனடாவுல எல்மிரான்னு ஒரு சின்ன ஊர்ல ரெண்டு வாலிபப் பசங்க குடிச்சுட்டு ஒரே ராத்திரியில 22 இடத்துல கார், வீடுன்னு உடைச்சு நாசம் பண்ணிட்டாங்க. அவங்களை சிறையில போடறதுக்கு பதிலா வீடு வீடா கூட்டிட்டுப் போய் நேர்ல பேச வெச்சு நஷ்டத்தைக் கட்ட வைக்கலாம்னு நன்னடத்தை அதிகாரி ஒருத்தர் சொல்ல, நீதிபதியும் சரின்னுட்டார். அங்கேர்ந்து பிடிச்சு இன்னிக்கு பல நாட்டுல இந்த முறை பரவியிருக்கு, நியூசிலாந்து 1989லயே சிறார் வழக்குகளுக்கு குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவங்களையும் ஒண்ணா உக்கார வைக்கறதை சட்டமாவே போட்டுடுச்சு.

பொருள் உடைஞ்சிருந்தா இல்ல ஒரு பக்கம் தொலைஞ்சிருந்தா புதுசு வாங்கிக் குடுக்கணும், அந்தக் காசு அவன் சேத்து வெச்சதுலேர்ந்தோ பாக்கெட் மணியிலேர்ந்தோ வரணும், நீங்க குடுத்துட்டா பாடம் உங்களுக்குத்தான். ஆனா நஷ்டஈடு வேற, அபராதம் வேற. இனிமே தப்பு பண்ணா பாக்கெட் மணி கட்னு வீட்ல ரேட் போர்டு மாட்டிடாதீங்க. இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல குழந்தையை கூப்பிட லேட்டா வர்ற பெற்றோருக்கு சில காப்பகங்கள்ல அபராதம் போட்டுப் பாத்தாங்க, 2000ல அந்த ஆய்வு வெளியாச்சு. லேட்டா வர்றவங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆயிட்டாங்க! காசு குடுத்தாச்சே, அப்புறம் என்ன கூச்சம்னு ஆயிடுச்சு. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பல.

அடுத்தது ஸ்கூல். க்ளாஸ் டீச்சர் கிட்ட நீங்களே போய் சொல்லிடுங்க, வேற பையன் மேல சந்தேகம் இருந்தா அதைத் தீக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கு. ஆனா க்ளாஸ்ல எழுப்பி நிக்க வைக்கறது, அசெம்பிளியில சொல்றதெல்லாம் வேண்டாம்னு தெளிவா கேளுங்க. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, சட்டத்தை மீறின குழந்தையோட விஷயத்துலகூட ஒவ்வொரு கட்டத்துலயும் அந்தரங்கம் காக்கணும், சமூகத்துல திரும்ப சேர்க்கறது குறிக்கோளா இருக்கணும்னு சொல்லுது. குற்றப் பொறுப்புக்கு குறைஞ்சபட்ச வயசு ஒவ்வொரு நாட்டுலயும் வேற, ஆனா அதே உடன்படிக்கையை கவனிக்கற குழு 2019ல அது 14க்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. உங்க பையனுக்கு 12. கோர்ட்டே யோசிக்கற இடத்துல க்ளாஸ்ரூம் தீர்ப்பு சொல்லக் கூடாது.

வீட்லயும் இதேதான். சித்தப்பா, அத்தைன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு சொல்றதை நிறுத்துங்க, திருடன்ங்கற வார்த்தை கோவத்துலகூட வரக் கூடாது. ஜூன் டாங்னின்னு ஒரு ஆய்வாளர் அஞ்சாவது படிக்கிற குழந்தைங்களை வளர்ந்து பெரியவங்களாகற வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க. நான் செஞ்சது தப்புன்னு நினைக்கற சுபாவம் இருந்த குழந்தைங்க பின்னாடி சட்டச் சிக்கல்ல மாட்டினது குறைவு. நானே மோசமானவன்னு கூனிக் குறுகற குழந்தைங்களுக்கு அந்த நன்மை இல்ல, நிலைமை மோசமாத்தான் போச்சு.

பெரிய திருடனா வருவானாங்கற பயத்துக்கு வர்றேன். டெர்ரி மாஃபிட்னு ஒரு உளவியலாளர் 1993ல எழுதினது இந்த விஷயத்துல இன்னும் எல்லாரும் எடுத்துப் பேசறது: பதின்ம வயசுல ஏதாவது ஒரு விதிமீறல் பண்றவங்க ஏராளம், அதுல பெரும்பாலானவங்க வளர்ந்ததும் விட்டுடறாங்க, சின்ன வயசுலேர்ந்து ஆரம்பிச்சு விடாம தொடர்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். உங்க பையன் பண்ணது ஒரு தடவை, ஒளிச்சு வெச்சிருந்தான், அதாவது தப்புன்னு தெரிஞ்சிருக்கு. இது எனக்கு பயம் தர்ற விஷயம் இல்ல. அடிக்கடி நடக்குது, கூடவே பிராணிகளை வதைக்கறது, சின்னப் பசங்களை அடிச்சுப் புடுங்கறது, ராத்திரி வீட்டுக்கு வராம இருக்கறது இதெல்லாம் இருந்தா குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்க. அதே மாதிரி, யாராவது பெரிய பையன் இவனை எடுத்துட்டு வரச் சொல்லி மிரட்டறானான்னும் கேட்டுடுங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

கடைசியா இவங்க அப்பா. அவரை வில்லனாக்கி ஒதுக்கிடாதீங்க, அவருக்கும் உங்க பயம்தான், வெளிய வர்ற விதம் வேற. அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்போது அவரே கூட்டிட்டுப் போகட்டும், அப்பா பக்கத்துல நின்னு தலை குனியறதை பையன் பாக்கறது ஸ்டேஷன் பெஞ்சைவிட கனமானது, இதை அவர் கிட்ட இப்படியே சொல்லிப் பாருங்க. திரும்பி வந்த பிறகு விஷயம் முடிஞ்சுதுன்னு வாய்விட்டு சொல்லிடுங்க, அடுத்த மாசம் வேற எதுக்கோ சண்டை வரும்போது "நீதானே அன்னிக்கு..."ன்னு எடுக்கக் கூடாது, அதே சமயம் ஒரு ரெண்டு மாசம் அவன் கையில புதுசா எந்தப் பொருள் வந்தாலும் எங்கேர்ந்துன்னு சாதாரணமா கேட்டுக்கலாம், கேக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. மறுபடி நடந்தா இதே வரிசைதான், இன்னும் சீக்கிரமா, அன்னிக்கே.