கல்யாண வீட்டு சவுண்ட் செட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆடியில் நம்ம பக்கம் கோயில் கொடை உண்டு, கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்குள் செட் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற தம்பிகள் கேள்வி அனுப்புவது இந்த நேரத்தில்தான். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, டிஜே தொழிலில் இறங்கப் போகிறேன். முதலில் எதை வாங்குவது? 2000 வாட்ஸ் பாக்ஸ் ஒன்று சொல்கிறார்கள். 300 பேர் மண்டபத்துக்குப் போதுமா? (வள்ளியூர் வாசகர்)

தம்பி, அந்த 2000 எந்த 2000 என்று முதலில் கேளுங்கள். ஒரே ஸ்பீக்கரை ஆர்.எம்.எஸ். கணக்கில் (தொடர்ந்து தாங்குகிற அளவு) 500 என்றும், புரோகிராம் கணக்கில் (ஏறி இறங்குகிற பாட்டுக்கான அளவு) 1000 என்றும், பீக் கணக்கில் (ஒரு கணம் மட்டும் தாங்குகிற உச்சம்) 2000 என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே பொருள்தான். கடையில் இரண்டு பாக்ஸை ஒப்பிட்டால் ஆர்.எம்.எஸ்.ஸை ஆர்.எம்.எஸ்.ஸோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அதோடு சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) வருகிறது என்பதுதான் அது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதனால் 99 டெசிபல் ஸ்பீக்கர் 250 வாட்ஸில் கொடுக்கிற சத்தத்தை எட்ட 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு 500 வாட்ஸ் வேண்டும். வாட்ஸை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள்.

என் கணக்கு இது. முதல் பணத்தில் நல்ல 12 இன்ச் அல்லது 15 இன்ச் டாப் (குரலும் பாட்டும் வருகிற, ஸ்டாண்டில் ஏற்றுகிற பாக்ஸ்) இரண்டு, உறுதியான ஸ்டாண்ட், எட்டு சேனல் மிக்ஸர், வயர் உள்ள நல்ல மைக் இரண்டு, தரமான கேபிள். 18 இன்ச் பேஸ் பாக்ஸை ஆரம்பத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் உள்ள நிகழ்ச்சிக்கு அது இல்லாமல் போகாதீர்கள். பேஸ் பாக்ஸ் இல்லாதபோது எல்லோரும் டாப்பிலேயே பேஸைத் திருகுவார்கள், ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சிவப்பு விளக்கு நின்று எரியும், கடைசியில் பாக்ஸுக்குள் ஒலி எழுப்புகிற ட்ரைவரின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) போகும். லேசர், புகை மெஷின் எல்லாம் அப்புறம்.

ஆக்டிவா பாசிவா என்றால், தனி ஆளாக லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவருக்கு ஆக்டிவ்தான் லேசு. உள்ளேயே ஆம்ப் இருக்கும், அதற்கு ஏற்ற பாதுகாப்பும் இருக்கும். ஒரு குறை உண்டு. முகூர்த்தத்தன்று உள்ளே இருக்கிற ஆம்ப் போய்விட்டால் அந்தப் பாக்ஸே உதவாது. பாசிவ் என்றால் வேறு ஆம்பை மாட்டி ஓட்டிவிடலாம். அதனால் ஆக்டிவ் வாங்குகிறவர், பழுது பார்க்கும் ஆள் திருநெல்வேலியிலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்கட்டும். பழுதுக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பாளையங்கோட்டை மண்டபங்களில் மைக்கைக் கொஞ்சம் கூட்டினாலே ஊளையிடுகிறது. ஈக்வலைசர் (ஒவ்வொரு ஸ்வர அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) வாங்கினால் தீருமா? (மேலப்பாளையம் வாசகர்)

பாதிதான் தீரும். மீதி, பாக்ஸையும் மைக்கையும் வைக்கிற இடத்தில் இருக்கிறது.

டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு, பூசிய சுவர். சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவும் கிடையாது. அதில் மேடைக்குப் பின்னால் பாக்ஸை வைத்துவிட்டு, அதற்கு முன்னால் மைக்கைக் கொடுத்தால் பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து ஊளையிடத்தான் செய்யும். பாக்ஸ் இரண்டும் மேடை விளிம்பைத் தாண்டி முன்னால், ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். மைக் எப்போதும் அதற்குப் பின்னால்.

இனி பேசுகிறவரைக் கவனியுங்கள். தாத்தா ஒருவர் வாழ்த்த வருகிறார். முதல் வரிக்கு மைக் வாயருகே இருக்கும். இரண்டாவது வரியில் நெஞ்சுக்கு இறங்கும். மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மைக் பிடித்த கை இடுப்புக்குப் போய்விடும். 5 செ.மீ. தூரத்தில் இருந்த மைக் 20 செ.மீ.க்குப் போனால் குரல் 12 டெசிபல் குறையும். ஆபரேட்டர் அதை ஈடுகட்ட சேனலைக் கூட்டுவார், ஊளை வரும். மைக்கைக் கையில் கொடுக்கும்போதே 'ஐயா, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்க' என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கும்.

பேசாத மைக்கை அணைத்து வையுங்கள். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் உங்களுக்கு இருக்கிற இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். பேச்சு சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஈக்வலைசர். ஆள் வருவதற்கு முன் மைக்கை மெல்லக் கூட்டி, எந்த ஸ்வரத்தில் முதலில் கூவுகிறது என்று பார்த்து அதை மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். அடுத்ததையும் அப்படியே. மூன்றாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரல் குரலாகவே இருக்காது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிய மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பாக்ஸ் வழியாகச் சத்தம் தேவையே இல்லை. வீடியோக்காரர் கேட்டால் அந்த மைக்கை ரெக்கார்டிங்குக்கு மட்டும் கொடுங்கள். வித்துவான் வாசிப்பது அதன் சொந்த ஒலியில் காதுக்கு வரட்டும். கெட்டிமேளம் கொட்டும்போது ஐயர் மைக்கையும் இறக்கிவிடுங்கள்.

லேப்டாப்பை மிக்ஸரில் சொருகினால் 'உர்ர்' என்று ஓயாமல் சத்தம். எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார் நண்பர். (அம்பாசமுத்திரம் வாசகர்)

எர்த் பின்னை எடுக்காதீர்கள். சத்தம் போகலாம், மைக் பிடித்தவர் உதட்டில் ஷாக்கும் அடிக்கலாம்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழியாகக் கரண்ட் சுற்றி வருவது. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (அந்தச் சுற்றைத் துண்டிக்கிற சின்னப் பெட்டி) ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. லேப்டாப், மிக்ஸர், ஆக்டிவ் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். மிக்ஸரிலிருந்து பாக்ஸுக்கு எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் உள்ள) கேபிள்தான் போக வேண்டும். சின்ன ஆர்.சி.ஏ. வயரை நீட்டி நீட்டி இழுத்தால் வழியில் இருக்கிற எல்லா இரைச்சலையும் அது வாங்கிக்கொண்டு வரும்.

பணகுடி பக்கம் திறந்தவெளிப் பந்தலில் காற்றுக் காலத்தில் சவுண்ட் அலைகிறது. ஒரு நேரம் கேட்கிறது, ஒரு நேரம் இல்லை. (ராதாபுரம் வாசகர்)

காற்றாடிகள் நிற்கிற ஊர் ஆயிற்றே. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக வந்து விழுகிற இடம் அது. காற்றை எதிர்த்துப் போகிற ஒலி மேல்நோக்கி வளையும், காற்றோடு போகிற ஒலி கீழ்நோக்கி வளையும். அதனால் மேடையை மேற்கே வைத்து, பாக்ஸ் கிழக்கே பார்க்கும்படி அமைத்தால் பாதி வேலை முடிந்தது. மைக்குக்கு ஸ்பாஞ்ச் தொப்பி கட்டாயம். ஸ்டாண்டின் கால்களில் மண் மூட்டை வையுங்கள், கயிறும் கட்டுங்கள். பாக்ஸ் சாய்ந்து ஒரு பிள்ளை மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது?

கிராமத்து வீடுகளில் கரண்ட் ஏறி இறங்குகிறது. ஜெனரேட்டர் மாறும்போது பாக்ஸ் 'டொப்' என்கிறது. என்ன பாதுகாப்பு? (திசையன்விளை வாசகர்)

பையில் மல்டிமீட்டர் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். பிளக்கைச் சொருகுவதற்கு முன் அளந்து பாருங்கள். 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் 150, இன்னொன்றில் 300க்கு மேல் என்று காட்டும். அந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை ஒன்றையும் இணைக்க வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

சமையல்கட்டு கிரைண்டரும் சீரியல் லைட்டும் ஓடுகிற ஃபேஸைத் தவிர்த்து வேறு ஃபேஸில் சவுண்டுக்கு லைன் கேளுங்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரி போதும், மிக்ஸருக்குச் சின்ன யு.பி.எஸ். வையுங்கள். கரண்ட் போனதும் பாக்ஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் சீரான பிறகு போடுங்கள். எப்போதும் மிக்ஸர் முதலில், பாக்ஸ் கடைசியில். அணைக்கும்போது பாக்ஸ் முதலில். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் 4 கிலோவாட் என்று மனதில் வைத்து, அதையும் முழுசாக இழுக்காமல் விடுங்கள்.

ஐப்பசி மழையில் பந்தல் போட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள போர்டு இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஜனங்கள் அவர்கள்.

ராத்திரி எத்தனை மணி வரை போடலாம்? சினிமாப் பாட்டுக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டுமா? (நாங்குநேரி வாசகர்)

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். மூடிய மண்டபத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு விலக்கு உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

லைசென்ஸ் விஷயத்தில், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விசேஷங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023-இல் மத்திய அரசும் இதை விளக்கி அறிவித்தது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு இது பொருந்தாது.

மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு டிஜே பேசியிருக்கிறோம். எங்கள் அத்தைக்கு வயது 80. சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது. டிஜேகாரரிடம் என்ன சொல்லி வைக்க? (கல்லிடைக்குறிச்சி வாசகி)

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தடவை நான் எழுத உட்கார்ந்தேன். தூரத்து ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவது ஒருவரை ஒருவர் பார்த்து நாலு வார்த்தை பேசத்தான். அதைக் கெடுக்கிற சவுண்ட் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது காதுக்கான பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். டிஜே பாக்ஸ் முன் வரிசையில் அது சர்வ சாதாரணம். அந்த நாற்காலியில் கைக்குழந்தையோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டாப் பாக்ஸ் ஆள் தலைக்கு மேலே, ஆடுகிற இடத்தைப் பார்த்து இருக்கட்டும். முதல் இரண்டு வரிசைக்கும் பாக்ஸுக்கும் நடுவே இடம் விடட்டும். முன்னால் இரண்டு பாக்ஸை அலறவிடாமல், மண்டபத்தின் நடுவில் இரண்டு சின்ன பாக்ஸை மெல்லிய சத்தத்தில் வைக்கட்டும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், முன்னால் இருப்பவர்களுக்கு வலிக்காது. (தொழில்காரர்களுக்கு: மீட்டருக்கு 3 மில்லி செகண்ட் வீதம் அந்தச் சின்ன பாக்ஸுக்கு டிலே (ஒலியைத் தாமதிப்பது) கொடுங்கள். 20 மீட்டர் தள்ளி இருந்தால் 60. இல்லையென்றால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்கும்.)

பந்தி நடக்கிற ஹாலுக்கு பாக்ஸே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் சாம்பார்' என்று கேட்பது பரிமாறுகிறவர் காதில் விழ வேண்டும். அத்தையை பாக்ஸுக்கு எதிர்ப்பக்க மூலையில், மேடை தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள்.

பெண் அழைப்புப் பாட்டை அவர்கள் ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (களக்காடு வாசகர்)

வேண்டாம் தம்பி. பெண் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து யாராவது கால் பண்ணுவார்கள், ரிங்டோன் மண்டபம் முழுக்க ஒலிக்கும். முந்தின நாளே பாட்டை வாங்கி லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவிலிருந்து எடுத்த பாட்டு பெரிய பாக்ஸில் கரகரக்கும், நல்ல ஃபைலாகத் தேடிப் போடுங்கள். ஃபோனிலிருந்துதான் போட வேண்டும் என்ற நிலை வந்தால் ஏரோபிளேன் மோடில் வைத்து, வயரைச் சொருகி, அதைத் திரும்ப வாங்க வருகிற கைக்கு எட்டாமல் மிக்ஸருக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.