வாங்கும் முன் ஒரு வார்த்தை: அப்பாவுக்கு அவர் தெருவின் ஓவியம்

ஏற்காடு ஏரி, அம்மாபேட்டைத் தறித்தெரு, செவ்வாய்ப்பேட்டைச் சந்தை என்று சேலம் பக்கத்துப் பழைய காட்சி ஒன்றை வரையச் சொல்லி, உடம்பு முடியாத பெரியவருக்குக் கொடுக்க நினைப்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவற்றை மட்டும் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். பழைய சந்தையைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கி கேன்வாஸில் பிரிண்ட் போட்டால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். கண் மங்கியவருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? (வாசகர், நெத்திமேடு)

பதில்: தெரியும். நாற்பது வருஷம் அங்கே நின்றவர் அவர்.

கேள்வி: பெரியப்பா சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ‘நூறு சதவீதம் கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங்’ என்று ஒரு இணையதளத்தில் பார்த்து, கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறும் காட்சியை 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். வந்திருப்பது பிரிண்ட் போலத் தெரிகிறது. கேட்டால், ‘கையால்தான் ஃபினிஷிங் செய்தோம், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். (வாசகி, சூரமங்கலம்)

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதே வலையில் நானும் விழுந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, ஒரு கண்காட்சிக் கடையில் ஏரியின் ‘ஆயில் பெயிண்டிங்’ ஒன்றை 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். விரலால் தடவினால் தூரிகைத் தடம் மேடாகத் தட்டுப்பட்டது. அதை நம்பினேன். சில மாதம் கழித்து ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் அதே ஓவியம் தொங்கியது. படகின் துடுப்பு அதே இடத்தில் பாதியில் நின்றது, இடது ஓரத்து சில்வர் ஓக் மரத்தில் அதே வெள்ளைப் புள்ளி. அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. ‘யாரோ உட்கார்ந்து எனக்காக வரைஞ்சிருக்காங்க’ என்று வந்தவர்களிடமெல்லாம் அவர் காட்டிக்கொண்டிருந்தார். அது இன்றும் உறுத்துகிறது.

அவர்கள் செய்வது இதுதான். கேன்வாஸில் இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் பூசிவிடுகிறார்கள். காய்ந்ததும் கையில் மேடு தட்டும். ‘கையால் ஃபினிஷிங்’ என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். பிரிண்டைப் பிரிண்ட் என்று சொல்லி விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கையால் வரைந்தது என்று விற்பது பொய்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கையால் வரைந்ததில் நிறமும் தடமும் சேர்ந்தே போகும். ஜெல் பூசியதில் இலையின் விளிம்பில் நிறம் நின்றுவிடும், தடம் மட்டும் நிற்காமல் வானத்துக்குள் ஓடும். அப்புறம், வெள்ளிக் கடைகளில் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, வெளிர் நிறப் பகுதியைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரிண்ட்.

இனிச் செய்ய வேண்டியது. ‘நூறு சதவீதம் கையால்’ என்ற விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அது காணாமல் போகலாம். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். இணைய வணிக விதிகள் 2020-ன்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். ஆகவே போனில் சண்டை வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர்கள் எழுதி வைத்துக்கொண்டால் பொய் விளம்பரம் உண்மையாகிவிடாது.

பணம் திரும்பி வந்ததும் பெரியப்பாவுக்கு வேறு ஓவியம் வரையச் சொல்லுங்கள். இருபது வளைவையும் கையால் திருப்பிய மனிதர். ஒன்று மட்டும் கவனியுங்கள். பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் பொருள் கவனத்திலேயே படாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு எந்தச் சுவர் என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நண்பர் சொன்ன ஓவியரிடம் 12,000 ரூபாயையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அளவு, தேதி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நாலு மாதமாகிறது. அத்தைக்கு உடம்பு மோசமாகிக்கொண்டே போகிறது. (வாசகர், ஐந்து ரோடு)

பதில்: முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது? பென்சில் ஸ்கெட்ச் பார்த்து ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, கையில் வாங்கும்போது மீதி. இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்புறம் கடிதம் எழுதி என்ன பயன்? சரி, யுபிஐயில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. என்ன படம், என்ன அளவு, எவ்வளவு கொடுத்தேன், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதி, பதில் வாங்குங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அத்தையின் நிலைமையைச் சொல்லுங்கள். பல ஓவியர்கள் இழுத்தடிப்பது சோம்பலால்தான், அவசரம் தெரிந்தால் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: மாமாவுக்கு மூச்சுத்திணறல், வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். புது ஆயில் பெயிண்டிங்கை அவர் அறையில் மாட்டலாமா? (வாசகி, குகை)

பதில்: வேண்டாம். ஆயில் மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதக்கணக்காகும், டர்பன்டைன் வாடை விடாது. அக்ரிலிக்கில் வரையச் சொல்லுங்கள். அதையும் பத்து நாள் வேறு அறையில் ஆறவைத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் அப்பா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் தச்சராக இருந்தவர். ஏற்காடு சாலையில் இப்போது மிஞ்சியிருக்கும் அந்த நுழைவாயில் வளைவை, உள்ளே தாத்தா நடந்துபோவது போல, அம்மாவுக்காகக் காசு கொடுத்து வரைய வைத்தோம். ஓவியர் அதே படத்தைக் காப்பி மக்கில் அச்சடித்து விற்கிறார். கேட்டால் ‘வரைந்தவன் நான்’ என்கிறார். (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ஐ அவருக்குக் காட்டுங்கள். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்குத்தான். வளைவை வேறு விதமாக வரைந்து விற்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் படத்தை விற்கக் கூடாது.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் பாட்டிக்கு, காப்பிப் பூ பூத்த தோட்டத்தின் வாட்டர் கலர் ஓவியம். எப்படி ஃபிரேம் போடுவது? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தின் மேல் கண்ணாடி ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஃபிரேமின் பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போகும். கட்டிலுக்கு மேல் மாட்டுவதானால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட். மாட்டியதும் பாட்டியின் தலையணையில் நீங்கள் படுத்துப் பாருங்கள். பூவுக்குப் பதில் டியூப் லைட் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: அப்பா குழித்தறி நெய்தவர். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் சின்ன வயதில் தெருவில் பாவு (தறியில் நீளவாட்டில் ஏறும் நூல்) நீட்டிக் கஞ்சி போடுவார்களாம். அதை வரைந்து பிறந்தநாளுக்குத் திடீரென்று காட்ட ஆசை. போட்டோ ஒன்றுகூட இல்லை. ஓவியரிடம் என்ன சொல்வது? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: திடீரென்று காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள் அம்மா. அந்தத் தெருவைப் பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அவரைக் கேட்காமல் வரைந்தால் ஏதோ ஒரு தெருதான் வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பென்சில் ஸ்கெட்சைக் காட்டியதும் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை: ‘திண்ணை இவ்வளவு உசரம் இல்லப்பா, உக்காந்தா எனக்குக் கால் தரையில படும்.’ ஓவியர் அழித்துவிட்டுத் திண்ணையை இறக்கினார். பிறகு பெரியவர் பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்கு வந்தார், அப்புறம் அதன் கீழே கட்டியிருந்த ஆட்டுக்கு. அன்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

பாவு எத்தனை வீட்டு நீளம், தாங்கும் கழிகள் எப்படி நிற்கும், கஞ்சி யார் போடுவார்கள், வெயில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். பழைய கல்யாண போட்டோவின் ஓரத்தில் உங்கள் வீட்டுக் கதவோ தூணோ தெரியலாம், அதையும் ஓவியரிடம் கொடுங்கள். ஸ்கெட்சில் எத்தனை முறை திருத்தம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள், மூன்று முறையாவது வேண்டும். அளவுக்கு, செய்தித்தாளை அதே அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, கட்டிலில் இருந்து அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்கள் கொஞ்சமாக, பெரிதாக இருக்கட்டும்.

டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் ஓவியரைக் கூப்பிடாதீர்கள், களைத்துப் போயிருப்பார். மறுநாள் காலையில் வரச் சொல்லுங்கள்.