முப்பது நாள் கெடு

கேள்வி: 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி அமெரிக்காவுக்கு நிஜமாகவே துப்புக் கிடைக்கவில்லையா, இல்லை கிடைத்தும் கோட்டை விட்டார்களா?

பதில்: கோட்டை விட்டார்கள். எந்தத் தேதி, எந்தக் கட்டடம் என்று தெரியாதுதான், ஆனால் விமானம் கடத்தியவர்களில் இரண்டு பேரைத் தெரியும். 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல் கொய்தா ஆட்கள் கூடியதை சி.ஐ.ஏ. கண்காணித்தது. அங்கே வந்த காலித் அல் மிஹ்தாரிடம் அமெரிக்க விசா இருப்பதும் அதற்குத் தெரியும். கூட இருந்த நவாஃப் அல் ஹஸ்மி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானம் ஏறிவிட்டான் என்ற தகவல் மார்ச்சிலேயே வந்து, கோப்பில் படுத்துக்கொண்டது. உள்நாட்டில் தேட வேண்டிய எஃப்.பி.ஐ.க்கு அது அப்போது போய்ச் சேரவே இல்லை. அவர்கள் ஒளிந்து திரிந்தார்களா என்றால் அதுவும் கிடையாது, சான் டியாகோவில் ஹஸ்மியின் பெயர் டெலிபோன் டைரக்டரியிலேயே இருந்தது, இருவரும் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரோ எஃப்.பி.ஐ.க்கே துப்புக் கொடுக்கிறவர்!

கண்காணிப்புப் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில். நியூயார்க்கில் மிஹ்தாரைத் தேடும் வேலை ஒரே ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரியிடம் போனது, பயங்கரவாதத் தடுப்பில் அவருக்கு அதுதான் முதல் துப்பு, மேலே 'வழக்கமானது' என்று குறித்து 30 நாள் கெடு வேறு. நானும் தேடுகிறேன் என்று கேட்ட குற்றப் புலனாய்வு அதிகாரியிடம், இது உளவுத் தகவல், நீங்கள் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உளவில் கிடைப்பது நீதிமன்ற வழக்கோடு கலந்துவிடக் கூடாது என்று 1995-ல் போட்ட விதிமுறையைக் காரணம் காட்டினார்கள். அந்த விதியையே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று விசாரணை கமிஷன் பிறகு சொன்னது.

கேள்வி: அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டார்களே?

பதில்: இணைத்தார்கள். 2004-ல் சட்டம் போட்டு எல்லா உளவு அமைப்புகளுக்கும் மேலே ஒரு இயக்குநர், துப்புகளை ஒரே இடத்தில் சேர்க்க தேசிய பயங்கரவாதத் தடுப்பு மையம், எல்லாம் வந்தது. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் உள்ளாடையில் வெடிமருந்தோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பாவே முந்தைய மாதம் நைஜீரியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், என் பையன் போக்கு சரியில்லை என்று எச்சரித்திருந்தார்! பெயர் பயங்கரவாதச் சந்தேக நபர்களின் தரவுத்தளத்திலும் இருந்தது, விமானத் தடைப் பட்டியலில்தான் இல்லை. பெயரில் எழுத்துப்பிழை விழுந்ததால், அவனிடம் செல்லுபடியாகும் விசா இருப்பதும் முதலில் கண்ணில் படவில்லை. குண்டு சரியாக வெடிக்காததால் பிழைத்தார்கள். இந்த முறை யாரும் எதையும் மறைக்கவில்லை, வந்து குவிந்ததில் இதைத் துரத்திப் பிடிப்பது யார் வேலை என்பதுதான் யாருக்கும் தெளிவாக இல்லை. என்னைக் கேட்டால் முதல் தோல்வியைவிட இது மோசம், ஏனென்றால் இதற்குச் சட்டம் போட்டுத் தீர்வு காண முடியாது.

கேள்வி: எல்லோருக்கும் கொடுத்தால் ரகசியம் கசிந்துவிடாதா?

பதில்: கசியும், கசிந்தது. தாராளமாகப் பகிர்ந்ததால்தான் இராக்கில் இருந்த சிப்பாய் செல்சி மேனிங்கால் 2010-ல் இரண்டரை லட்சம் தூதரகச் செய்திகளை வெளியே கொண்டுபோக முடிந்தது. உடனே வெளியுறவுத் துறை தன் செய்திகளை ராணுவத்தோடு பகிர்ந்த கணினி வலையமைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டது. தகவல் கொடுத்தவன் உயிர் போய்விடுமே என்ற பயமும் நியாயமானதுதான். அதற்கு அவர்களிடமே பழைய வழி ஒன்று உண்டு. அறிக்கையில் ஒரு கோடு போட்டு, யார் சொன்னது, எப்படிக் கிடைத்தது என்பதை நீக்கிய சாரத்தை மட்டும் தனியே எழுதி, அந்தப் பகுதியை மற்றவர்களுக்கு அனுப்புவது. எழுதும்போதே இதைச் செய்ய வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றால் நடக்காது.

ஆனால் ஏன் செய்வார்கள் சொல்லுங்கள்? வெளியே விட்ட மேனிங்குக்கு 35 ஆண்டு தண்டனை, பிறகுதான் ஒபாமா குறைத்தார். பகிராமல் வைத்துக்கொண்டவர்களுக்கு? சி.ஐ.ஏ.வின் தலைமை ஆய்வாளர், மிஹ்தார், ஹஸ்மி இருவரின் பயணத் தகவல்களை 50, 60 பேர் படித்திருந்தார்கள் என்று கண்டுபிடித்து, பொறுப்பு யாருடையது என்று விசாரிக்கக் குழு போடச் சொன்னார். 2005-ல் அன்றைய இயக்குநர் போர்ட்டர் காஸ் மறுத்துவிட்டார்.