இட்லிகூடத் தொண்டையில் நிற்கிறது, விட்டமின் குறைவா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஏழெட்டு மாதமாகச் சாப்பாடு தொண்டைக்குழிப் பக்கம் நின்றுவிடுகிறது. சப்பாத்தியை விட்டே விட்டேன். இப்போது இட்லிக்கும் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. காரம் பட்டால் நாக்கு எரிகிறது, வாயோரம் வெடிக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விட்டமின் குறைவாக இருக்கும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடு என்கிறார் அக்கா. போடலாமா? (வாசகி, தேனி)

பதில்: அக்கா சொன்னதில் பாதி சரி. சத்துக்குறைவால் விழுங்க முடியாமல் போவது உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது விட்டமின் அல்ல, இரும்புச்சத்து.

உங்கள் விரல் நகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கிறதா? நாக்கு சொரசொரப்பு போய் வழவழவென்று இருக்கிறதா? பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லத் தோன்றுகிறதா? வெட்கப்பட்டு இதைப் பலர் சொல்வதே இல்லை. மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவுக்கு அது நல்ல தடயம்.

இந்தக் குறைவு நாள்பட்டால் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு ஒன்று திரை போல வளர்கிறது. தண்ணீர் இறங்கிவிடும், கெட்டியான உணவு அதில் தட்டி நிற்கும். பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1919-லேயே தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். இன்று பிளம்மர் வின்சன் நோய் என்கிறோம். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

என்னிடம் வந்த ஓர் அம்மா இரண்டு வருடமாக இட்லியை ரசத்தில் ஊறவைத்துக் கரைத்தே சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் எழுந்து போனபிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. கர்ப்பப்பைக் கட்டியால் மாதவிடாயில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சவ்வை விரித்துவிட்டு, இரும்புச்சத்து கொடுத்து, கட்டிக்கும் வைத்தியம் பார்த்தபிறகு தோசையே சாப்பிட ஆரம்பித்தார்.

அதனால்தான் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம் என்கிறேன். ரத்தம் எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும்: மாதவிடாயா, மூலமா, வயிற்றுப்புண்ணா, கொக்கிப்புழுவா? அப்புறம், விட்டமின் பி12 குறைந்தாலும் நாக்கு எரியும், விழுங்கும்போது வலிக்கும், பாதம் மரத்துப் போகும். அசைவம், பால் எதுவுமே சேர்க்காதவர்களும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்போ உள்ளுக்குள் வளரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சவ்வு உள்ளவர்களுக்குத் தொண்டையின் அடிப்பகுதியிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே பார்க்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை), பி12 பார்த்துவிட்டு, வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் செய்துகொள்ளுங்கள். கெட்டியான உணவு மேலேயே நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சவ்வு மெல்லியது, குழாய் போகும் வேகத்தில் கண்ணில் படாமலே கிழிந்துவிடலாம். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் இதற்கு உதவும்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீ, காபி, பால் இரண்டு மணி நேரம் தள்ளியே. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், அதன்பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். முருங்கைக்கீரையும் ஈரலும் நல்லவைதான், ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்தை அவற்றால் மட்டும் நிரப்ப முடியாது.

அதுவரை குழைவாக, சிறு கவளமாக, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். தண்ணீரும் இறங்கச் சிரமப்பட்டாலோ, எடை குறைந்தாலோ, குரல் கம்மினாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெற்றிலை, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.