மூன்று நாளாகச் சொன்னானே!

கேள்வி: எங்கள் ஆறு வயது மகனின் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது. மூன்று நாளாக "ஏதோ அரிக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வியர்க்குரு என்று விட்டுவிட்டோம். எண்ணெய் விட்டும் விழவில்லை. பிடித்து இழுத்ததில் உடல் மட்டும் வந்தது, தலை உள்ளேயே நின்றுவிட்டது. விஷம் ஏறுமா?

பதில்: தலை கிடக்கட்டும். அந்த மூன்று நாளுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். தன் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளையால் பார்க்க முடியும்? அதற்குத்தானே பெற்றவர்கள்? முடியை விலக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? பார்க்காமலேயே வியர்க்குரு என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். உண்ணி ஒட்டும்போது எள்ளளவுதான் இருக்கும். இரத்தம் குடிக்கக் குடிக்க உப்பும். சில நோய்க்கிருமிகள் உடலில் இறங்க அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். நீங்கள் மூன்று நாள் கொடுத்திருக்கிறீர்கள்.

எண்ணெயில் உண்ணி மூச்சுத் திணறி விழும் என்பது வெறும் கதை. மணிக்கணக்கில் தாங்கும். எண்ணெய், தீக்குச்சி, மண்ணெண்ணெய் என்று சீண்டினால் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கவும் கூடும். நுனி மெல்லிய இடுக்கியால், தோலை ஒட்டி அதன் வாயருகே பிடித்து, திருகாமல், சீராக மேலே இழுக்க வேண்டும். உப்பிய வயிற்றைப் பிடித்தால் அறுந்துதான் வரும்.

உள்ளே நிற்பது தலை அல்ல, வாய்ப்பகுதி. ஊசியால் நோண்டாதீர்கள், தோலே அதை முள்ளைப் போல வெளியே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவினால் போதும்.

காலண்டரில் தேதியைக் குறியுங்கள். கடித்த இடம் சிறிதாகச் சிவந்து ஓரிரு நாளில் அடங்கினால் பயமில்லை. சிவப்பு விரிந்துகொண்டே போனாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தடிப்பு என்று எது வந்தாலோ, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். மருத்துவரிடம் ஓடுங்கள். உண்ணி கடித்ததையும் தேதியையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு எப்படித் தெரியும்?

"நீ சொன்னது சரி, நாங்கள்தான் பார்க்கவில்லை" என்று மகனிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் பெற்றவர் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த முறையும் அவன் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! இன்று குளிப்பாட்டும்போது தலைமுடி, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் எல்லாம் பாருங்கள். கூச்சத்தில் நெளிவான். நெளியட்டும், விடாமல் பாருங்கள்.