டேப்பெட் சத்தம் எதுவரை சரி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னுடையது 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். ‘டிக் டிக்’ என்று டேப்பெட் சத்தம் வந்ததால் மெக்கானிக்கிடம் விட்டேன். டைட் வைத்துக் கொடுத்தார், சத்தம் சுத்தமாக நின்றது. ஆனால் இப்போது வண்டி சூடானதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பிக்கப்பும் இல்லை. கார்புரேட்டர் கோளாறா? (வாசகர், சேலம்)

பதில்: கார்புரேட்டரைத் தொடாதீர்கள். சத்தம் நின்றதுதான் கோளாறு. வால்வை அமுக்கித் திறக்கும் கைதான் ராக்கர். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி (இதைச் சரியாக வைப்பதுதான் டேப்பெட் வைப்பது) விடுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் சூடேறும்போது வால்வுத் தண்டு நீளும். இடைவெளி இல்லாவிட்டால், நீண்ட தண்டை ராக்கர் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும். அதனால்தான் குளிர்ந்த வண்டி ஒரு கிக்கில் எழுகிறது, சூடான வண்டி எழ மறுக்கிறது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இன்னொரு ஆபத்து: அதன் சூடு பெரும்பாலும் வால்வு சீட்டில் (வால்வு மூடி அமரும் வளையம்) உட்காரும்போதுதான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும். சரியாக உட்காராத வால்வின் விளிம்பு கருகிவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றி, சீட் கட்டிங் என்று செலவு ஏறும். உடனே சரிசெய்தால் உங்கள் வண்டி தப்பிக்க வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே செய்யலாம். வண்டி இரவு முழுக்க நின்று, காலையில் எஞ்சின் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் லேசாகச் சுற்றும். இடது பக்க மேக்னெட் கவரில் ஒரு பெரிய மூடியும் ஒரு சின்ன மூடியும் இருக்கும். பெரியதன் வழியாக பாக்ஸ் ஸ்பேனர் விட்டு மேக்னெட் நட்டை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். சின்ன ஓட்டையில் ‘டி’ (T) குறி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் குறி, கோட்டுக்கு நேராக வர வேண்டும். பக்கத்திலேயே ‘எஃப்’ (F) குறியும் உண்டு. அது இக்னிஷனுக்கு, அதை எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

ஹெட்டில் மேலே இன்டேக், கீழே எக்ஸாஸ்ட் என்று இரண்டு டேப்பெட் மூடிகள். கீழ் மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் ஆயில் ஒழுகும், அடியில் துணி வையுங்கள். இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் இரண்டும் துளி ஆடும். இரண்டும் இறுகியிருந்தால் மேக்னெட்டை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி ‘டி’ குறிக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். இப்போதும் ஆடவில்லையென்றால் மெக்கானிக் டைட் வைத்தது உறுதி.

இடைவெளி இந்த வகை 97.2 சிசி எஞ்சின்களில் 0.05 முதல் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் ஓனர்ஸ் மேனுவலில் அச்சிட்ட எண்தான் கடைசி வார்த்தை. 0.08 என்றால் அந்த அளவு ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்புத் தகடு) லேசான பிடிப்போடு நுழைய வேண்டும், 0.10 தகடு நுழையக் கூடாது. லாக் நட்டைத் தளர்த்தி, டேப்பெட் சாவியால் ஸ்க்ரூவைத் திருப்பி வையுங்கள். ஸ்க்ரூ அசையாமல் சாவியால் பிடித்தபடியே லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்ப்பது கட்டாயம். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பி அளவு மாறுவது அடிக்கடி நடக்கும். மூடிகளின் ஓ-ரிங் காய்ந்து விறைத்திருந்தால் புதியது போடுங்கள், விலை சொற்பம்.

சரியாக வைத்த பிறகு குளிர்ந்த எஞ்சினில் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். கேட்கட்டும்.

கேள்வி: ஃபீலர் கேஜ் வைத்துச் சரியாகத்தான் டேப்பெட் வைத்தேன். ஆனாலும் சத்தம் போகவில்லை. எங்கே தவறு? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அளவு சரி, அளந்த இடம் சரியில்லையோ என்று பாருங்கள். பல வருடம் ஓடிய வண்டியில் டேப்பெட் ஸ்க்ரூவின் நுனி, வால்வுத் தண்டின் தலை பதிந்து பதிந்து நடுவில் குழிந்துவிடும். ஃபீலர் தகடு தட்டையானது. குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகள் மேலேயே நிற்கும். தகடு 0.08 என்று காட்டும், உள்ளே உண்மையான இடைவெளி குழியின் ஆழமும் சேர்ந்து அதிகமாக இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி நுனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் பளபளப்பான பள்ளம் தெரிந்தால் ஸ்க்ரூவை மாற்றுங்கள். சத்தத்துக்காக அளவைக் குறைக்காதீர்கள்.

நுனி நன்றாக இருந்தால் சத்தம் டேப்பெட்டுடையதா என்றே சந்தேகப்பட வேண்டும். நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். டேப்பெட் மூடிமேல் உரக்கக் கேட்டால் டேப்பெட். இடது பக்க ஹெட், சிலிண்டர் ஓரத்தில் கரகரவென்று கேட்டு, ஆக்ஸிலேட்டரை விடும்போது கூடினால் டைமிங் செயின். செயினும் நீண்டிருக்கலாம், ரப்பர் ரோலர்கள் கல் மாதிரி இறுகியும் இருக்கலாம். மாற்றும்போது சேர்த்தே மாற்றுங்கள். காலையில் பலமாகக் கேட்டு, சூடாக ஆகக் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் அடிக்கிறது. மேடு ஏறும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது சைலன்சரின் பெண்ட் பைப்பை (ஹெட்டிலிருந்து வளைந்து வரும் குழாய்). ஹெட்டில் அது சேரும் இடத்து கேஸ்கெட் ஓட்டையானால் அச்சு அசல் டேப்பெட் போலவே ‘டக் டக்’ என்று அடிக்கும். அங்கே கரி படிந்திருந்தால் முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

கேள்வி: 1989 ஸ்டாண்டர்ட் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின். டேப்பெட் நானே வைக்க வேண்டும். ஃபீலர் எந்த அளவு? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இதற்கு ஃபீலரே வேண்டாம், விரல்தான் கேஜ். சிலிண்டரின் வலது பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் டேப்பெட் கவரைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் (ராக்கரைத் தள்ளும் கம்பிகள்) அடிமுனைகள் தெரியும். பிளக்கைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். இன்டேக் ராடு ஏறி இறங்கிய பிறகு பிஸ்டன் மேலே வரும் இடம்தான் கம்ப்ரஷன் உச்சி. அங்கே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு ராடின் அடியிலும் அறுகோணம் மூன்று அடுக்காக இருக்கும். அடியிலுள்ளதை ஒரு ஸ்பேனரால் பிடித்து, நடுவிலுள்ள லாக் நட்டைத் தளர்த்தி, மேலுள்ளதைத் திருப்பி அளவு வைக்க வேண்டும். ராடு இரு விரலுக்கு நடுவே தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இன்டேக்குக்கு இதுவே போதும். எக்ஸாஸ்டை ஒரு துளி தளர்வாகவே விடுங்கள். சுழற்றும்போது இழுவை தெரிந்தால் டைட். ஒல்லியான நல்ல ஸ்பேனர் மூன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், முனை மழுங்கினால் அப்புறம் பிளையரால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

இதன் பிறகும் ராக்கர் பக்கம் கடகடத்தால், டைமிங் கவரிலிருந்து ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பைப் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஹெட் பக்கத்து போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் பைப்பைக் கழற்றிப் பெட்ரோலால் அலசிக் காற்றடியுங்கள். திரும்பப் பூட்டும்போது செப்பு வாஷர்கள் புதியதாக இருக்கட்டும்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொஞ்சம் குறையும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் ராக்கர் வரை ஏறத் தாமதமாகும், தேய்மானம் அந்த நேரத்தில்தான் அதிகம். பழைய புல்லட்டுக்கு 20டபிள்யூ-50 சரியான ஆயில். அதையே ஸ்ப்ளெண்டரில் ஊற்றுவது வீண். சத்தம் குறைக்கும் என்று விற்கும் டப்பா மருந்துகளை, கிளச்சும் அதே ஆயிலில் ஓடும் வண்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பிளேட் வழுக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: 2012 கிளாசிக் 350. டேப்பெட் வைக்கப் பணம் கேட்கிறார் பட்டறைக்காரர். கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். உங்களுடையது யூனிட் எஞ்சின் (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில்), ஹைட்ராலிக் டேப்பெட். ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும், திருப்புவதற்கு ஸ்க்ரூ எதுவும் இல்லை. சில நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகள் தட்டுவது சாதாரணம், டேப்பெட்டிலிருந்து வடிந்த ஆயில் திரும்ப நிறையும் நேரம் அது. சூடான பிறகும் தட்டினால் ஆயில் லெவலைப் பாருங்கள், 15டபிள்யூ-50 ஊற்றி ஃபில்டரோடு மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் டேப்பெட்டைக் கழற்றும் பேச்சு.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-க்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை டேப்பெட் பார்க்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: டூ ஸ்ட்ரோக்கில் டேப்பெட்டே கிடையாது. சத்தம் வருகிறதென்றால் பிஸ்டனையும், பிஸ்டன் பின்னைத் (pin) தாங்கும் நீடில் பேரிங்கையும் பாருங்கள். 2டி (2T) ஆயில் டேங்கில் ஆயில் இருக்கிறதா என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.